மண்டபத்தில் கோடாங்கிக்கு இடம் உண்டு, மருத்துவருக்கு இல்லையா?

எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக் குழுத் தலைவர், உறுப்பினர்கள், ஊர் அம்பலம் ஆகியோருக்கு,

மாசி மாதம் இரண்டாம் வெள்ளியன்று நடந்த ஊர்க்கூட்டத்தில், மனநல மருத்துவக் குழு மாதம் ஒரு நாள் வந்து உட்காரக் கோயில் மண்டபத்தைக் கேட்ட மனுவைத் தள்ளிவிட்டீர்கள். மை காய்வதற்குள், அமாவாசைதோறும் பேயோட்ட வரும் கோடாங்கிக்கு அதே மண்டபத்தை இன்னும் ஓராண்டுக்கு விடுவதென்று எழுதிக் கையெழுத்தும் போட்டீர்கள். முதல் முடிவுக்குச் சொன்ன காரணம் இது: "பைத்தியத்துக்கு முகாம் போட்டால் ஊர்ப் பெயர் கெட்டுவிடும். நாளைக்கு நம் ஊரில் யார் பெண் எடுப்பார்கள்?" இரண்டாவது முடிவுக்கு நீங்கள் காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. நான் பெண்கள் பக்கம் தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு எழுந்து பேசாததற்கு என்னையே நொந்துகொண்டு, பதினோரு நாள் கழித்து இதை எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரியும். 33 ஆண்டுகள் சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தவள். உங்களில் பாதிப் பேருடைய பிள்ளைகளுக்கு என் கையால் சோறு போட்டிருக்கிறேன். மண்டபம் கட்டத் தலைக்கட்டு வரி பிரித்தபோது, விதவைக்கு அரை வரி போதும் என்று பெருந்தன்மையாகச் சொன்னீர்கள். நான் முழு வரி கட்டினேன். ரசீது பத்திரமாக இருக்கிறது. அந்த மண்டபத்தில் என்ன நடக்கலாம், என்ன நடக்கக் கூடாது என்பதில் எனக்கும் ஒரு பேச்சு உண்டு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "இவள் சாமி இல்லை என்கிறாள்" என்று கதையை முடித்துவிடுவீர்கள். என் அப்பா கருப்பருக்குச் சாமியாடியவர். அரிவாள்மேல் நின்று அவர் சொன்ன வாக்கைக் கேட்டு வளர்ந்தவள் நான். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் இறந்துபோன முன்னோருக்குப் புதுத் துணி எடுத்துவைத்துப் படைப்புப் போடுகிறார்களே, அந்தச் சோற்றை எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன். இறந்தவர்கள் வீட்டை விட்டுப் போய்விடுவதில்லை என்ற எண்ணம் செட்டிநாட்டில் யாரையும் பயமுறுத்தியதில்லை. அவர்கள் வீட்டுக்குக் காவல்.

என் வீட்டுக்காரர் போய் ஒரு வருடம்வரை, விடிகாலையில் அவருடைய செருப்புச் சத்தம் திண்ணையில் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு முகாமில் மருத்துவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வேல்ஸ் நாட்டில் ஒரு மருத்துவர் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் எழுதினாராம். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், இறந்தவரைப் பார்த்ததாகவோ கேட்டதாகவோ பக்கத்தில் இருப்பதாக உணர்ந்ததாகவோ சொல்லியிருக்கிறார்கள். பலருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கிறது. "இது நோயில்லை அம்மா, உங்களுக்குத் தொந்தரவாக இல்லையென்றால் விட்டுவிடுங்கள்" என்றார் முகாம் மருத்துவர். செருப்புச் சத்தம் நின்ற நாளன்று நான் அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மருத்துவம் நம் நம்பிக்கையைப் பறிக்க வருகிறது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவருக்காகத்தான் இவ்வளவும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேகூட, வழிபாட்டின் பகுதியாக ஊர் ஏற்றுக்கொண்ட சாமியாட்டம் நோயாகாது. தன் விருப்பமில்லாமல் வந்து, ஆளை வதைத்து, வாழ்க்கையைக் குலைத்தால்தான் அது மருத்துவர் பார்க்க வேண்டியது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும், ஊரின் மத நம்பிக்கையோடு ஒத்துப்போகாததை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. என் அப்பா ஆடினார், இறங்கினார், திருநீறு பூசிக்கொண்டு மறுநாள் வயலுக்குப் போனார். என் அக்கா அப்படி இறங்கவில்லை.

1991, ஐப்பசி மாதம். அக்காவுக்கு இரண்டாவது பிரசவம், ஆண் பிள்ளை. ஒன்பதாம் நாளிலிருந்து அவள் தூங்கவில்லை. பத்தாம் நாள், தொட்டிலில் கிடப்பது தன் பிள்ளை இல்லை, யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். இது என்ன என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடீரென்று வரும் மனப்பிறழ்வு. பழைய ஆட்கள் சன்னி என்று சொன்னதில் இதுவும் கலந்திருக்கும். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தானது, ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாதது, ஆனால் மருந்துக்கு நன்றாகவே கட்டுப்படுவது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஊர் சொன்னதுதான்: "பச்சை உடம்புக்காரியை உச்சி வேளையில் பெரிய வீட்டுப் பக்கம் போகவிட்டீர்களே!"

அந்தப் பெரிய வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பர்மாப் பணத்தில் கட்டிய வீடு. பங்காளிகள் பெருகிப் பெருகி, யாருக்கு எத்தனை பங்கு என்பதே சிக்கலாகி, விற்கவும் முடியாமல் புழங்கவும் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. என் அம்மாவிடம்தான் சாவி. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று தினமும் கூட்டி, சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு வருவார். இளவயதில் இறந்துபோன ஒரு மருமகள் அங்கே நடமாடுவதாக ஊர்ப் பேச்சு. அம்மா அங்கே பார்த்தது வௌவால்கள், பட்டகசாலை உத்தரத்தில் குடியிருந்த ஒரு ஜோடிக் கூகை, அவ்வளவுதான். வெள்ளை முகமும் மனிதக் குரல்போன்ற கிறீச்சிடலும் உள்ள பறவை அது. பகல் வெயிலில் விரிந்த தேக்கு இரவில் சுருங்கும்போது படியில் யாரோ ஏறுவது போலச் சத்தம் வரும். "கூகைக்கும் குடியிருக்க வீடு வேண்டுமே" என்பார் அம்மா. அப்படிப்பட்ட அம்மாவே, தன் மகள் தூங்காமல் ஐந்தாம் இரவு வந்தபோது, கூகையை மறந்துவிட்டு மருமகளை நம்பினார். பயம் அப்படி. (இப்போது அந்த வீட்டில் இரவில் புகுந்து பேய்ப் படம் பிடித்து இணையத்தில் போடுகிறார்கள். அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் கிழவி அந்தப் படம் வந்ததிலிருந்து வாசல் விளக்கை அணைப்பதில்லை. அதையும் ஒரு வார்த்தை கண்டியுங்கள்.)

கோடாங்கி உடுக்கை அடித்து, "யார் நீ? எந்த ஊர்? எதற்கு வந்தாய்?" என்றார். அக்கா தன் பெயரைச் சொன்னாள். சாட்டை விழுந்தது. அப்பா பெயரைச் சொன்னாள். மறுபடியும் விழுந்தது. ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த அந்தப் பெரிய வீட்டு மருமகளின் பெயரைச் சொன்னாள். கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. உடுக்கை நின்றது, சாட்டையும் நின்றது. அடி நிற்க வேண்டுமானால் தான் வேறொருத்தியாக வேண்டும் என்று என் அக்கா அன்றைக்குக் கற்றுக்கொண்டாள். அதன் பிறகு கேட்ட நேரமெல்லாம் அந்தப் பெயரையே சொன்னாள். அதுவே பேய்க்கு அத்தாட்சியாகிவிட்டது.

பதினோரு வாரம் போனது. உச்சி முடியைப் பிடுங்கிப் புளியமரத்தில் ஆணி அடித்தார்கள். வலது உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றினார்கள். செய்வினை வைத்தது யார் என்று குறி கேட்டதில், "தெற்கே வாசல், உங்கள் ரத்தத்தில் வாழ்க்கைப்பட்டவள்" என்று வாக்கு வந்தது. சித்தப்பா வீட்டுக்குத் தெற்கு வாசல். என் சித்தி, அக்காவுக்குப் பத்தியச் சாப்பாடு ஆக்கிக் கொடுத்தவர், அன்றையிலிருந்து எங்களுக்கு எதிரியானார். 19 வருடம் பேச்சில்லை. அவர் இறந்தபோது துக்கத்துக்குக்கூட நாங்கள் போகவில்லை. பேய் நம்பிக்கையால் மனம் கெடுமா என்று கேட்பவர்களுக்கு நான் அக்காவைக் காட்டுவதைவிடச் சித்தியைக் காட்டுவேன். அவருக்கு ஒரு நோயும் இல்லை. ஒரு வாக்கில் அவருடைய மிச்ச வாழ்க்கை அத்தனையும் கசந்தது.

அந்தப் பதினோரு வாரத்தில் ஒன்பது நாள் குணசீலத்தில் இருந்தோம். காவிரிக் கரைப் பெருமாள் கோயில், மனம் தெளிய வேண்டி ஆட்களைக் கூட்டிவந்து தங்கவைப்பார்கள். அங்கே 48 நாள் தங்குவதுதான் வழக்கம், எங்களிடம் அதற்குப் பணமில்லை. ஆனால் அங்கே யாரும் அக்காவை அடிக்கவில்லை. "யார் நீ" என்று யாரும் கேட்கவில்லை. தீர்த்தம் தெளித்தார்கள், சோறு போட்டோம், அவளைப்போல இருந்தவர்கள் நடுவில் அவளும் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு இரவு கொஞ்சம் கண்ணயர்ந்தாள். திண்டுக்கல் பக்கத்து முத்துச்சாமி கோயிலில் இப்படித் தங்கிய 31 பேரைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மருத்துவர்கள் கவனித்து, 2002-இல் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கோயிலில் பேயோட்டும் சடங்கு எதுவும் கிடையாது. பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, காலைப் பூசையில் நிற்பது, இவ்வளவுதான். சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களுக்கு நோயின் கடுமை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே சாட்டை வேலை செய்யவில்லை. அடிக்காத இடமும், ஒதுக்காத மனிதர்களும், கையில் ஒரு வேலையும் அந்த வேலையைச் செய்திருக்கின்றன. கோயிலுக்கு அந்தச் சக்தி உண்டு என்று நான் நம்புகிறேன். நம் கோயில் மண்டபத்தை நீங்கள் அதற்கு நேர்மாறான காரியத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதுதான் என் வழக்கு.

அக்காவைக் கடைசியில் காப்பாற்றியது, பிள்ளைக்குத் தடுப்பூசி போட வந்த கிராம சுகாதாரச் செவிலியர். ஊசியைப் போட்டுவிட்டு, "பிள்ளை இளைத்திருக்கிறதே, அம்மா எங்கே?" என்று கேட்டார். பின்கட்டில் கட்டிப்போட்டிருந்தோம். அவர் கத்தவில்லை, எங்களைத் திட்டவில்லை, கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுநாள் எங்களோடு மதுரைக்குப் பஸ் ஏறினார். மருந்து கொடுத்த நான்காம் நாள் அக்கா தூங்கினாள். எட்டாம் வாரம், "என் பிள்ளையைக் கொடு" என்று கை நீட்டினாள். நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த பிள்ளை, அவளிடம் போக மாட்டேன் என்று அழுதது.

ஊருக்குத் திரும்பினால், "கோடாங்கி கட்டிய கட்டு கொஞ்சம் தாமதமாகப் பலித்திருக்கிறது" என்றார்கள்! சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் இன்றுவரை அக்கா சற்றுக் குரலை உயர்த்தினால், "பழையது வந்துவிட்டது" என்கிறார்கள். நோய் எட்டு வாரத்தில் போய்விட்டது, பேய்ப் பெயர் போகவில்லை. இன்றும் அவள் கோலப்பொடியை இடது கையால்தான் எடுக்கிறாள்.

1991-இல் எங்களுக்குத் தெரியாது, மன்னிக்கலாம். இந்த வருடம் தை அமாவாசை அன்று நம் மண்டபத்தில் நடந்ததற்கு என்ன சொல்வீர்கள்? காதில் யாரோ திட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்று சொல்லும் ஒரு பையன். அவன் தாயை எல்லோரும் அறிவீர்கள், அவள் வீட்டு உலையில் அரிசி விழுவதே கஷ்டம். கோடாங்கி கேட்ட பணத்துக்குத் தோட்டை அடகு வைத்திருக்கிறாள். பையனை உபயதாரர் பெயர் பொறித்த தூணில் கட்டினார்கள். ஊர்ப் பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள். இரவுக்குள் அது வாட்ஸ்அப்பில் காரைக்குடி வரை போய்விட்டது. குழு உறுப்பினர் இருவர் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

கட்டியது குற்றம். மனநோயுள்ள ஒருவரை எந்த வகையிலும் சங்கிலியிட்டுப் பிணைக்கக் கூடாது என்று அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு சொல்கிறது. கயிறுதானே, சங்கிலி இல்லையே என்று வாதாடாதீர்கள். நம் பக்கத்து மாவட்டத்தில், ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, பிணைத்து வைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப்போனார்கள். உங்களில் மூத்தவர்களுக்கு அந்தச் செய்தி நினைவிருக்கும். அதே ஏர்வாடியில் பின்னாளில் என்ன செய்தார்கள் தெரியுமா? தர்காவை மூடவில்லை. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் செய்தது போல, தொழ வருகிறவர்கள் அங்கேயே மருத்துவரையும் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். துவாவும் நடக்கும், மருந்தும் கிடைக்கும். பெரிய தர்காவுக்கு அதனால் பெயர் கெடவில்லை. நம் ஊர்ப் பெயர் மட்டும் அவ்வளவு மெல்லிசா?

பெண் எடுக்க மாட்டார்கள் என்கிறீர்கள். அமாவாசைக்கு அமாவாசை இருபது முப்பது வண்டிகளில் பேய் பிடித்தவர்கள் வந்து இறங்கும் ஊரில் பெண் எடுக்கிறவர்கள், மாதம் ஒரு முறை மருத்துவர் வரும் ஊரில் எடுக்க மாட்டார்களா? உண்மையான காரணம் எனக்குத் தெரியும். பேய் என்றால் வெளியிலிருந்து வந்தது, குடும்பத்துக்குப் பழியில்லை. நோய் என்றால் வம்சத்தில் இருக்கிறது என்பார்கள். அந்த வெட்கத்தை நான் இளக்காரமாகப் பேசவில்லை, எங்கள் வீடும் அதே வெட்கத்தில்தான் பதினோரு வாரத்தைத் தொலைத்தது.

மருத்துவர்கள் பக்கமும் ஒன்று சொல்லியாக வேண்டும். கோடாங்கி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கதை கேட்கிறார். ஆஸ்பத்திரியில் மூன்று நிமிடம், ஒரு சீட்டு, அடுத்த ஆள். விடிகாலை பஸ் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டுப் போகிறவளுக்கு அந்த மூன்று நிமிடம் போதாது. அதனால்தான் குழு நம் ஊருக்கே வருவது முக்கியம். வாராது வந்த மாமணி வாசலில் நிற்கிறது, நீங்கள் கதவைச் சாத்திவிட்டீர்கள்.

நான் கேட்பது இதுதான். பங்குனித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன் ஊர்க்கூட்டத்தை மறுபடி கூட்டுங்கள். மருத்துவக் குழுவுக்கு மாதம் ஒரு நாள் மண்டபத்தைக் கொடுப்பதாகத் தீர்மானம் எழுதுங்கள். முடிந்தால் அது அமாவாசை நாளாகவே இருக்கட்டும். கோடாங்கியைத் தேடி வருகிறவர்கள் எதிர்த் திண்ணையில் மருத்துவரையும் பார்த்துவிட்டுப் போகட்டும். கோடாங்கி வரட்டும், திருநீறு போடட்டும், உடுக்கை அடிக்கட்டும். ஆனால் கயிறு, சங்கிலி, சாட்டை, கற்பூரச் சூடு, பட்டினி போடுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது, அடுத்தவரைக் காட்டி இவர்தான் செய்வினை வைத்தார் என்பது ஆகிய எதுவும் கோயில் எல்லைக்குள் நடக்காது என்று அவரிடம் எழுதி வாங்குங்கள். மறுத்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள். கைப்பேசியில் படம் எடுப்பதற்கும் அன்றே தடை போடுங்கள்.

தை அமாவாசைப் படத்தை வைத்திருப்பவர்கள் அழிக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். வரி கட்டச் சொல்லி மூன்று வேளை அறிவிக்கிறீர்களே, இதை ஒரு வேளை சொன்னால் போதும். அந்தப் பையனின் தாய் வீட்டுக்குக் குழுவிலிருந்து இரண்டு பேராவது நேரில் போய் வருத்தம் தெரிவியுங்கள், அடகு வைத்த தோட்டை மீட்டுக் கொடுங்கள். உண்டியலிலிருந்து வேண்டாம் என்றால், நான் என் பங்குக்கு 2,000 ரூபாய் தருகிறேன்.

உபயதாரர் கல்வெட்டுக்குப் பக்கத்தில் வெறும் சுவர் நான்கடி இருக்கிறது. அதில் 14416 என்ற எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பெயிண்ட் செலவு என்னுடையது.

என் அக்கா இந்த மடலை முழுவதும் கேட்டாள். தன் பெயரைப் போட வேண்டாம் என்றாள், கையைப் பற்றி எழுதச் சொன்னாள். உங்கள் பதிலை எனக்குத் தனியாகச் சொல்லி அனுப்ப வேண்டாம். மண்டபத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். காப்புக் கட்டும் நாள்வரை தினமும் மாலையில் போய்ப் பார்ப்பேன். அதற்குள் ஒன்றும் வரவில்லையென்றால், இந்த மடலின் நகலும் தை அமாவாசை அன்று நான் கண்டதை எழுதிய புகாரும் காவல் நிலையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் போகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
உங்கள் ஊர்த் தலைக்கட்டில் ஒருத்தி